முதல் வீடு வாங்குதல்: வீரசோழன் வட்டாரம்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் நரிக்குடி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த வீரசோழனிலும், அங்கிருந்து மேற்கே திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை வரை விரியும் மானாவாரி நிலப்பகுதியிலும், ஒரு குடும்பம் தன் முதல் வீட்டைக் கிரயம் பெறும்போது சரிபார்க்க வேண்டிய ஆவணங்களும் வாரிசுரிமைச் சிக்கல்களும் நிலத்தின் வகையும் மண்ணும் நீரும் கடனும் பதிவும் இக்கட்டுரையின் பொருளாகும். நகரத்து வாசகருக்காக எழுதப்படும் வீடு வாங்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் அதைக் கட்டி விற்கும் நிறுவனத்தையும் மனத்தில் கொண்டவை. மனை வணிகத்தை ஒழுங்குபடுத்த 2016இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டமும் புதிய திட்டங்களுக்கே உரியது. பழைய வீட்டின் மறுவிற்பனையை அது தொடுவதில்லை. வீரசோழன் போன்ற ஊரில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்த வீடு: பெற்றோர் காலமாகி, பிள்ளைகள் மதுரைக்கோ திருப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்றுவிட்டபின், பூட்டிக் கிடப்பதைவிடக் காசாக்குவது மேல் என்று உறவினர் கூடி முடிவெடுத்த வீடு. இங்கே விற்பவர் ஒரு குடும்பம் என்பதால், வாங்குபவர் சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு முன் அக்குடும்பத்தின் பங்காளிகளையும் பாகப்பிரிவினையையும் பார்க்க வேண்டியவராகிறார். இவ்வட்டாரத்தில் விலை சிறியது, ஆவணச் சங்கிலி நீண்டது. பலர் விலையைப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைக் கேட்பதே இடர்களுக்கு முதல் வாயிலாக அமைகிறது.

நில உரிமையின் பின்னணி

இப்பகுதியின் பெரும்பாகம், 1803இல் நிலையான நிலவரித் திட்டத்தின்கீழ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சன்னது என்னும் உரிமைப் பட்டயம் பெற்ற இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் எல்லைக்குள் அடங்கியிருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் எனப் பரவலாக அறியப்படும் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இந்நிலங்களை அரசின்கீழ்க் கொணர்ந்து, உழுபவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறையை ஏற்படுத்தியது. வரிச்சலுகையோடு வழங்கப்பட்டு எஞ்சியிருந்த சிறு இனாம் நிலங்கள் 1963ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அச்சட்டங்களின்கீழ் நடந்த நிலவரித் திட்டத்தில் வழங்கப்பட்ட பட்டாவே இன்றைய பல உரிமைத் தொடர்களின் வேர். அதன்பின் 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழகம் முழுவதும் நடத்தப்பட்ட நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அலுவலகங்களிலும் மக்களிடையேயும் யு.டி.ஆர். என்றே வழங்கும் அத்திட்டத்தில், பழைய புல எண்களுக்குப் புதிய எண்களும் உட்பிரிவுகளும் தரப்பட்டன. வேலை விரைவாக நடந்ததால் பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தம்பி பெயர் விடுபட்டது, பக்கத்து நிலத்தாரின் பெயர் ஏறியது, பரப்பு குறைந்தது போன்ற பிழைகள் பல ஊர்களில் நிலைத்துவிட்டன.

மாவட்டத்தின் பெயரும் மாறிவந்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் அமைந்தது. அதிலிருந்து 1985 மார்ச் 15 அன்று பிரிந்த காமராசர் மாவட்டமே பின்னர் விருதுநகர் மாவட்டமாயிற்று. எனவே தாத்தா காலத்துப் பத்திரம் இராமநாதபுரம் ஜில்லா என்றும் பழைய புல எண்ணோடும், மகன் காலத்துப் பத்திரம் காமராசர் மாவட்டம் என்றும் புதிய எண்ணோடும் இருப்பது இயல்பே. இரண்டும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன என்பதைப் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேட்டைக் கொண்டு உறுதி செய்வது வாங்குபவரின் முதல் வேலை.

ஆவணங்கள்

விற்பவர் தமக்கு உரிமை வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரம் தாய்ப்பத்திரம் எனப்படும். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது எனப் பின்னோக்கிச் செல்லும் வரிசையே உரிமைத் தொடர். வழக்கறிஞர்கள் குறைந்தது 30 ஆண்டுத் தொடரைக் கேட்பதற்குச் சட்டக் காரணங்கள் உள்ளன. முறையான பொறுப்பிலிருந்து வரும் 30 ஆண்டுப் பழைய ஆவணத்தை உண்மையானதென அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடந்தருகிறது. அடமானம் வைத்த சொத்தை மீட்க 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அளிக்கும் காலமும் 30 ஆண்டுகளே.

வில்லங்கச் சான்று, வழக்கில் ஈ.சி., ஒரு சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றைக் காலவரிசையில் காட்டுவது. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளைத் தேடிப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கையெழுத்துப் பேரேடுகளையே நாட வேண்டும். தேடும்போது புதிய புல எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய எண்ணில் பதிவானவை விடுபட்டுப் போகும் என்பதால் இரு எண்களிலும் தேடுதல் வேண்டும். வில்லங்கம் எதுவுமில்லை என்ற சான்றை முழு நற்சான்றாகக் கொள்வது பெரும் பிழை. உயில் பதிவு செய்யப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகவே தரப்படும் ஹிபா என்னும் தானம் பதிவேட்டுக்கு வராமலே செல்லும். பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்றுக் கடனும் வெள்ளைத் தாளில் எழுதிய உறுதிமொழியும் அதில் தெரியா. மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது, நகல்தான் உள்ளது என்று விற்பவர் சொல்லும்போது, மூலம் எங்கேனும் கடனுக்காக ஒப்படைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. கண்டுபிடிக்க இயலவில்லை எனக் காவல்துறை தரும் சான்றும் நாளிதழ் விளம்பரமும் இன்றி அத்தகைய வீட்டுக்கு முன்பணம் கொடுத்தல் கூடாது.

பட்டா என்பது வருவாய்த் துறை வரி வசூலுக்காகப் பேணும் கணக்கின் படி. அது உடைமைக்கு ஒரு சான்றாகுமே தவிர உரிமை மூலம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் பலமுறை உறுதி செய்த கருத்து. ஊரில் இதற்கு நேர்மாறான நம்பிக்கை நிலவுகிறது. பட்டா தன் பெயரில் இருக்கிறது என்பதையே இறுதிச் சொல்லாகக் கருதுவோர் மிகுதி. பட்டாவோடு சிட்டா, அ-பதிவேடு, புலத்தின் அளவுகளைக் கோடிட்டுக் காட்டும் புலப்படம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, நிலம் எவ்வகைப்பட்டது என்பதையும் பத்திரத்து அளவோடு புலப்படம் ஒத்துவருகிறதா என்பதையும் அறிய வேண்டும். கூட்டுப்பட்டாவில் பலர் பெயர் இருப்பின் அவர்கள் அனைவரின் நிலையும் விளங்கும்வரை விலை பேசுவதில் பயனில்லை.

பதிவு செய்துவிட்டால் உரிமை உறுதியாகிவிட்டது என்பதும் தவறான எண்ணமே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவான ஆவணத்தின் வழியாகவே நிகழ வேண்டும் என்கிறது. ஆயினும் விற்பவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தருவதில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராயும் அதிகாரம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த ஆராய்ச்சி முழுவதும் வாங்குபவரின் பொறுப்பில் விழுகிறது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு விற்பனை முடிந்ததாகக் கருதும் பழக்கத்தையும் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் செல்லாததாக்கியது. முகவர் கையெழுத்திட்டு விற்கும்போது அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்கப்படும். வெளிநாட்டில் உள்ளவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் மேலொப்பத்தோடு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் இக்கெடு அடிக்கடி தவறிப்போகிறது.

ஆவணம் எழுதுவதற்குப் பத்திர எழுத்தரை நாடுவது இவ்வட்டாரத்தின் நீண்ட வழக்கம். ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் திருச்சுழியில் மனு எழுதுபவராகப் பணியாற்றி, பின்னர் சட்டப் பட்டம் இன்றியே வழக்குகளை நடத்த அனுமதி பெற்றவர் என்பது 19ஆம் நூற்றாண்டில் எழுத்தறிவுக்கும் ஆவணத்துக்கும் இருந்த மதிப்பைக் காட்டும். பத்திர எழுத்தர் சொற்களை முறைப்படி அமைப்பாரே ஒழிய உரிமைத் தொடரை ஆராய்ந்து கருத்துரைப்பது அவருடைய வேலையன்று. அதற்கு உரிமையியல் வழக்குகளில் பழகிய வழக்கறிஞரின் எழுத்து மூலமான சட்டக் கருத்து தேவை. அதற்காகும் கட்டணத்தைச் செலவு மிச்சம் என்று தவிர்ப்பவர்கள் வீட்டின் மொத்த விலையையே பணயம் வைக்கின்றனர்.

வாரிசுகளும் பங்குகளும்

இவ்வட்டாரத்து வழக்குகளின் ஊற்று வாரிசுகளின் பங்கே என்பதால் அதைச் சற்று விரித்துரைக்கத் தகும். தந்தை உயில் எழுதாமல் இறந்தபின் மகன்கள் மட்டும் கூடிக் கையெழுத்திட்டு விற்பதும், கட்டிக்கொடுத்த பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று வாங்குபவருக்கு உறுதி கூறுவதும் இன்றும் நடப்பவை. இந்துக் குடும்பங்களில், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அன்று மணமாகாதிருந்த மகள்களைப் பிறப்பாலேயே பங்குதாரராக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் திருத்தம் அவ்வுரிமையை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அத்தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் அத்திருத்தம் கலைப்பதில்லை.

வீரசோழனில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழ்வதால் இஸ்லாமிய வாரிசுரிமை முறையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியதாகிறது. அங்குப் பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கு என்ற கருத்தே இல்லை. ஒருவர் இறந்த நொடியில் அவருடைய சொத்து குறிப்பிட்ட பின்னங்களாக வாரிசுகளைச் சேர்கிறது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் தலா ஆறில் ஒன்று. சொத்தை நீண்டகாலம் பிரிக்காமல் விட்டால், இடையில் இறக்கும் ஒவ்வொருவரின் பங்கும் மறுபடி பின்னமாகி, மூன்று தலைமுறையில் ஒரு சிறிய வீட்டுக்கு இருபது முப்பது உரிமையாளர்கள் உருவாகிவிடுவர். பங்குதாரர் ஒருவர் தம் பங்கை மட்டும் விற்க முடியும். அவர் முழு வீட்டையும் விற்பதாக எழுதினாலும் வாங்குபவருக்குச் சேர்வது அவருடைய பங்கு மட்டுமே.

மைனர் பங்கு இருப்பின் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இந்து மைனரின் அசையாச் சொத்தை இயற்கைப் பாதுகாவலர் விற்பதற்கு, 1956ஆம் ஆண்டின் இளவர் பாதுகாவலர் சட்டத்தின் 8ஆம் பிரிவு நீதிமன்ற முன்னனுமதியை வேண்டுகிறது. அனுமதியின்றி நடந்த விற்பனையை, அப்பிள்ளை 18 வயது நிறைந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட்டு நீக்கிக்கொள்ளலாம். முஸ்லிம் சட்டத்தில் தாய் மைனரின் சொத்துக்குச் சட்டப்படியான பாதுகாவலர் அல்லர். தந்தை இறந்தபின் தாய் தானாகச் செய்யும் விற்பனை மைனரின் பங்கைக் கட்டுப்படுத்தாது என்பது 1918இல் பிரிவி கவுன்சில் நிலைநாட்டிய விதி. கணவனை இழந்த தாய் பிள்ளைகளுக்காகவே விற்கிறார் என்ற மனிதாபிமானக் காரணம் இவ்விதியைத் தளர்த்துவதில்லை.

வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றை வைத்து அனைவரையும் அடையாளம் கண்டு, எல்லோரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திடச் செய்வதே நேர்வழி. இல்லாவிடில் முதலில் குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகி, வீடு ஒருவர் பெயருக்கு வந்தபின் அவரிடமிருந்து வாங்கலாம். குடும்பத்தாரிடையே எழுதப்படும் இவ்வகைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய் என்றும், பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000 ரூபாய் என்றும் 2023 ஜூலையில் வரையறுக்கப்பட்டன. செலவு மிகும் என்று விற்பவர் தயங்கும்போது இக்கணக்கை எடுத்துக்காட்டுவது பயன் தரும். ஒப்புதல் தர மறுக்கும் ஒரு சகோதரி இருக்கும் வீட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல் வீடாக வாங்குவது அறிவுடைமையன்று.

ஒத்தியும் குடியிருப்பவரும்

ஒத்தி என்பது, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டில் வாடகையின்றிக் குடியிருந்து, தொகை திரும்பக் கிடைத்ததும் வெளியேறும் ஏற்பாடு. சட்டத்தின் கண்ணில் இது அனுபவ அடமானம். பதிவு செய்யாமல் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் வழக்கம் மிகுதியாதலால் வில்லங்கச் சான்றில் இது தெரிவதில்லை. வீட்டில் யார் குடியிருக்கிறார், எந்த உரிமையில் இருக்கிறார் என்பதை வாங்குபவர் நேரில் கேட்டறிய வேண்டும். குடியிருப்பவரின் உரிமை தெரியாது என்று பின்னால் சொல்வதை நீதிமன்றம் ஏற்பதில்லை, ஏனெனில் ஒருவர் அங்கே வாழ்வதே வாங்குபவருக்குத் தரப்பட்ட அறிவிப்பாகச் சட்டம் கொள்கிறது. ஒத்தித் தொகையை விலையிலிருந்து கழித்து, குடியிருப்பவரிடமே நேரடியாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெற்று, வீடு காலியான பிறகே கிரயம் முடிப்பது நல்லது.

நத்தமும் விற்கக் கூடாத நிலங்களும்

பழைய ஊருக்குள் அமைந்த வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில் நிற்பவை. நத்தம் என்பது ஊரார் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம். தொடக்கத்தில் வரியும் பட்டாவும் இல்லாதிருந்து, பின்னர் நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தில் அளக்கப்பட்டுப் பட்டா வழங்கப்பட்டது. பல நத்தம் வீடுகளுக்குத் தொடர்ச்சியான பத்திரம் கிடையாது. அனுபவமும் வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையுமே சான்று. உயர் நீதிமன்றம் நத்தம் நிலம் அரசுக்குச் சொந்தமன்று என்று பல தீர்ப்புகளில் கூறியுள்ளபோதிலும், பட்டா இல்லாத நத்தம் வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதை வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

நத்தத்துக்கு அப்பால் செல்லும்போது, விற்கவே கூடாத நிலங்கள் பலவகைப்படும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்குவது செல்லாது. பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமும், விற்பனைத் தடையுடன் அரசு அளித்த இலவச வீட்டுமனைப் பட்டா நிலமும் இவ்வாறே. கோயில் நிலத்தை விற்க 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி தேவை. கோயில் மனையில் கட்டிய வீட்டை விற்பவர் கட்டடத்தை மட்டுமே விற்க இயலும், அடிமனைக்கு வாடகை தொடரும். வக்பு நிலம் பற்றிய ஐயம் எழக்கூடிய ஊர்களில் வக்பு வாரியப் பதிவையும் பார்க்க வேண்டும். 2022இல் திருச்சி அருகே திருச்செந்துறையில் வாரியத்தின் உரிமைக் கோரிக்கையால் பத்திரப் பதிவு மறுக்கப்பட்டு, ஊர் முழுவதும் தடுமாறிய நிகழ்வு நாடெங்கும் பேசப்பட்டது.

கண்மாய் மிகுந்த இவ்வட்டாரத்தில் நீர்நிலைப் புறம்போக்கு தனிக்கவனத்துக்குரியது. பல ஆண்டுகள் மழை பொய்த்து, கருவேலம் மண்டிக் கிடக்கும் கண்மாயின் உட்பகுதியும் வரத்துக்கால் ஓரமும் வெற்று நிலம்போலவே தோன்றும். வடகிழக்குப் பருவமழை ஒருமுறை பொய்க்காமல் பெய்தால் அவை மறுபடி நீர்ப்பரப்பாகும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இத்தகைய ஆக்கிரமிப்புகள் அகற்றப்படுவதுண்டு. அப்போது வீட்டு வரி செலுத்தியதும் மின் இணைப்பு பெற்றதும் உரிமையாகாது. காவிரி, வைகை ஆறுகளைக் குண்டாற்றோடு இணைக்கும் கால்வாய்த் திட்டம் போன்றவற்றுக்காக நிலம் எடுக்கப்படும் வாய்ப்புள்ள இடங்களில், வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விசாரித்தறிவது பயன் தரும்.

அருப்புக்கோட்டையைச் சுற்றி, மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையை ஒட்டிப் புன்செய் நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்ததும், அதைத் தொடர்ந்து 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் தமிழக மனை வணிகத்தின் திருப்புமுனை. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளையே அவ்விதிகள் வரன்முறைக்கு ஏற்கின்றன. கல் நட்டு வண்ணம் பூசிய மனை எல்லாம் அங்கீகாரம் பெற்றவை என்று கருதலாகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணும் வரைபடமும் கேட்டு வாங்கிச் சரிபார்க்கத் தக்கவை.

மண், நீர், கட்டடம்

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமற்ற அடித்தளத்தில் எழுப்பிய சுவர்கள் இவ்வசைவால் விரிசலுறும். சாளர மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இதற்கு அடையாளம், பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழை வெடிப்பிலிருந்து இதை வேறுபடுத்தி அறிய வேண்டும். ரூர்க்கியிலுள்ள நடுவண் கட்டட ஆய்வு நிறுவனம் கரிசலுக்கென அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அடித்தளத்தை உருவாக்கிப் பரப்பியது. உள்ளூர்க் கொத்தனார்கள் கரிசலைத் தாண்டிக் கெட்டித்தரை வரும்வரை தோண்டி, மணலோ சரளையோ நிரப்பி, மேலே கம்பி கட்டிய பீம் போடுவர். பழைய வீட்டை வாங்கும்போது அடித்தளம் எந்த ஆழத்தில் உள்ளது என்பதை அதைக் கட்டிய கொத்தனாரிடமே கேட்டறிய முடியும் ஊர் இது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாதவர் பலர். கோடை முடிவில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் ஒருமுறையும் வீட்டைப் பார்ப்பது ஒரே பருவத்தில் பலமுறை பார்ப்பதைவிட மேலானது.

நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. குடிநீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயிலிருந்தோ விலைக்கு வரும் வண்டித் தண்ணீரிலிருந்தோ கிடைப்பதால், தெருக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்பதே சரியான விசாரணை. உப்பு நீரால் கலந்த கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துக் கூரை உதிரும். இந்தியத் தர நிர்ணயம் கம்பி இடும் கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது. தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டைச் சாந்து பூசி வெள்ளையடித்து விற்பது எளிது என்பதால், புதிதாக வெள்ளையடித்த கூரையைத் தட்டிப் பார்த்துப் பொள்ளல் ஒலி எழுகிறதா என்று கவனிப்பர்.

நெருங்கிய தெருக்களில் இரு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர், அடுத்தவர் முற்றத்தில் விழும் தாவாரத் தண்ணீர், பின்வீட்டாருக்கான நடைபாதை ஆகியன இயல்பு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு தடையின்றி அனுபவித்த வழியும் நீரோட்டமும் உரிமையாகின்றன. பத்திரத்தில் நான்கு மால் என்று குறிக்கப்படும் எல்லை விவரத்தையும், கிழமேல், தென்வடல் அடிகளையும் இடத்தில் நின்று அளக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கிழமேல் 24 அடி, தென்வடல் 54 அடி என்று எழுதிய மனையின் பரப்பு 1,296 சதுர அடி, அதாவது மூன்று சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. எழுதிய பரப்பும் எல்லைகளும் முரண்படும்போது பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்களின் நிலை.

பணமும் கடனும்

வீட்டு விலையோடு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேரும். 2017இல் 4 விழுக்காடாக உயர்ந்த பதிவுக் கட்டணம், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்ட 2023 ஏப்ரலில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. 10 லட்ச ரூபாய் வீட்டுக்கு 90,000 ரூபாய் ஆகும் செலவு 80,000 ஆகிறது. இவ்வட்டாரத்து விலைகளுக்கு இச்சலுகை நன்கு பொருந்துவது.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி, எஞ்சியதை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் வாங்குபவருக்கே பெரிதும் கேடு. வங்கிக் கடன், பத்திரத்தில் எழுதிய விலையை ஒட்டியே கிடைக்கும். விற்பனை முறிந்தால் ரொக்கத்துக்குச் சான்றில்லை. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. முன்பணம் கொடுக்கும்போது எழுதும் விற்பனை ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்வது கட்டாயம்.

30 லட்ச ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பின் 90 விழுக்காடு வரை வங்கி தர ரிசர்வ் வங்கி இடந்தருகிறது. இது உச்ச வரம்பு மட்டுமே. 10 லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,000 ரூபாய், மொத்தம் செலுத்துவது 21.6 லட்சம், அதே தொகையை 10 ஆண்டில் அடைத்தால் தவணை 12,670, மொத்தம் 15.2 லட்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் அபராதம் வசூலிக்கலாகாது என்பதால், விளைச்சலோ வெளிநாட்டுப் பணமோ வரும்போது அசலைக் குறைக்கலாம். மானாவாரி வருமானம் மாதந்தோறும் வருவதன்று. ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே கடனுக்குள் இறங்குவது இங்குத் தேவையாகிறது. சொந்த இடத்தில் கட்ட விரும்பும் குடிசைவாசிகளுக்கு 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம் 3.5 லட்ச ரூபாய் உதவியோடு 360 சதுர அடி வீட்டுக்கு வழி செய்கிறது. இதற்கும் இடம் தம் பெயரில் இருக்க வேண்டும்.

பதிவுக்குப் பின்

ஆவணத்தைக் கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டம் விதிக்கிறது. முழுப்புலமாக வாங்கிய சொத்தின் பட்டா மாறுதல் பதிவோடு இணைந்து நடக்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் நில அளவர் வந்து உட்பிரிவு செய்த பிறகே தனிப்பட்டா கிடைக்கும். இதைத் தள்ளிப்போடுவோரின் வீடு பல ஆண்டுகள் விற்றவர் பெயரிலான கூட்டுப்பட்டாவிலேயே கிடந்து, அடுத்த தலைமுறைக்கு வழக்காகிறது. ஊராட்சி வீட்டு வரியும் மின் இணைப்பும் பெயர் மாற்றப்பட வேண்டும். வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்துக் கடன் பெற்றவர், கடன் தீர்ந்ததும் 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திரும்பப் பெற உரிமையுடையவர். 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி ஆணைப்படி, தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஆவணங்களை வாங்கி வந்தால் மட்டும் போதாது; அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் முடிந்ததாகத் தெரியும்.